தடைக்காலம் 61 நாள், எழுத்துக்கும் அதே கணக்கு: கோடை இலக்கு வைத்தவர்களின் அனுபவங்கள்

பாம்பன் பேத்தி:

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் கரையில் விசைப்படகெல்லாம் நின்றுவிடும். ஜூன் 14 நள்ளிரவு வரை மீன்பிடித் தடைக்காலம். நான் பள்ளியில் படித்தபோது 45 நாள்தான். 2017-இல் அதை 61 நாளாகக் கூட்டினார்கள். மீன் சினைப்பிடிக்கிற காலம் என்பதால் கடலை விட்டுவைக்கிறோம். அந்த நாட்களில் அப்பா வீட்டில் இருப்பார். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மிச்ச நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துவார். பக்கத்தில் அப்பத்தா.

போன வருஷம் நான் எடுத்த முடிவு: இந்த 61 நாளும் தினம் ஒரு பக்கம், அப்பத்தா சொல்வதை எழுதுவது. அதற்கு முன் மூன்று கோடைகளில் இலக்கு வைத்து மூன்றிலும் தோற்றிருக்கிறேன். "மே மாதத்துக்குள் பத்து சிறுகதை" என்று ஒரு வருஷம். "தினம் ஆயிரம் சொல்" என்று அடுத்த வருஷம். ஒன்றும் பத்து நாளைத் தாண்டவில்லை. தடைக்காலம் அப்படி இல்லை, அது நான் வைத்த கெடு கிடையாது. முதல் நாளும் கடைசி நாளும் ஊருக்கே தெரியும். என்னால் ஒரு நாள்கூட நீட்ட முடியாது.

அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலடித்தபோது அவருக்குப் பதிமூன்று வயது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதும், நூறு பேருக்கு மேல் அதில் செத்ததும், அப்புறம் அந்த ஊரில் மனுஷர் குடியிருக்க முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ராத்திரியை எங்கள் அப்பத்தா வாயால் கேட்டு எழுதவேண்டும் என்பதுதான் என் ஆசை. முதல் நாளே நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "புயல் அன்னைக்கு என்ன நடந்துச்சு அப்பத்தா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் தாயி. தண்ணி எப்படி எடுப்போம்னு சொல்றேன், எழுது" என்றார்.

சுற்றிலும் உப்புக்கடல் இருக்கிற மணல்திட்டில் குடிதண்ணீர். கையாலேயே மணலைத் தோண்டுவார்களாம். முழங்கை ஆழம் போனதும் அடியில் கசியும். அவசரப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால் குழியின் ஓரத்தில் குந்தியிருந்து, தெளியட்டும் என்று காத்திருந்து, சிரட்டையால் மேலாக்க மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். இதைச் சொல்லும்போது அப்பத்தாவின் வலது கை சிரட்டை பிடித்த மாதிரியே வளைந்து, தரையில் ஒரு மொள்ளு மொண்டது. விரல்நுனி தரையைத் தொடவில்லை. "கலக்கிறக் கூடாது பாத்தியா" என்றார். அந்தக் கையைப் பார்த்த பிறகு புயலைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் தினமும் ஒன்று. சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் வந்து நிற்கும். இறங்கியவர்கள் கப்பலேறி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இலங்கையில் இருக்கும் தலைமன்னாருக்குப் போவார்கள். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல். கோஷன் என்று சொல்ல வராமல் "கோசான்" என்பார். சுங்கக்காரர்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே ஆண்கடல், எதில் எப்போது இறங்கலாம் என்பது நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடுமாம். காற்றுக்கு நான்கு பெயர் சொன்னார்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இடையில் அப்பா வலையிலிருந்து தலை நிமிராமலே ஒன்றிரண்டு திருத்துவார். அம்மாவுக்கும் மகனுக்கும் கச்சான் எந்த மாசம் கிளம்பும் என்று ஒரு சண்டை. அது மட்டும் இரண்டு பக்கம்.

58-ஆவது நாள், நான் கேட்காமலே, அப்பத்தா அந்த ராத்திரியைச் சொன்னார். நான்கே வாக்கியம். அப்படியே எழுதியிருக்கிறேன்:

"ராத்திரி காத்துச் சத்தம் மாறுச்சு. எங்கய்யா எங்கள மணல்மேட்டுக்கு இழுத்துட்டு ஓடுனாரு. விடிஞ்சு பாத்தா ரெண்டு கடலும் ஒண்ணாக் கெடந்துச்சு. டேசன் பக்கம் பாக்காதன்னு எங்கம்மா என் கண்ணப் பொத்துனா."

அவ்வளவுதான். அன்றைய பக்கத்தில் மீதி இடத்தை நான் நிரப்பவில்லை.

நாளை மறுநாள் இந்த வருஷத் தடைக்காலம் தொடங்குகிறது. கோடைக்கு எழுத்து இலக்கு வைத்தவர்கள் உங்களுக்கு எப்படிப் போனது என்று எழுதுங்கள். தோற்றதையும் சேர்த்து எழுதுங்கள், எனக்கு அது உதவும்.

பழைய வாத்தியார்:

தோற்றதைக் கேட்டீர்களே, சொல்கிறேன் தங்கச்சி.

மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் நான். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து வீடு வந்தால் கட்டைவிரல் மரத்துப்போயிருக்கும். அதற்கப்புறம் ஜூன் வரை எனக்கே எனக்கான நாட்கள். 2019-இல் அந்த நாட்களில் நாவல் எழுதுவது என்று இறங்கினேன். அமெரிக்காவில் 'நானோரைமோ' என்று ஒரு எழுத்துச் சவால் இருந்தது, முப்பது நாளில் 50,000 சொல். 1999-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருபத்தோரு பேர் ஒரு ஜூலை மாதத்தில் தொடங்கியது, அடுத்த வருஷத்திலிருந்து நவம்பருக்கு மாறிவிட்டது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்து, நாளுக்கு 1,667 சொல் என்று சுவரில் ஒட்டினேன்.

ஆறாம் நாள் படுத்துவிட்டேன். முதுகுவலி ஒருபக்கம், அதைவிட மனசு. நமக்கு எழுத வராது போலிருக்கிறது என்று நிஜமாகவே நம்பிவிட்டேன். இரண்டு வருஷம் பேனாவைத் தொடவில்லை.

பிறகு ஒருநாள் வகுப்பில் வினைமுற்று நடத்திக்கொண்டிருக்கும்போது உறைத்தது. "வந்துகொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று வேண்டும். "வீட்டிலிருந்துதான்" ஒரு சொல். இடம், திசை, அழுத்தம் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நிற்கும் மொழி நம்முடையது. அவர்களுடைய 1,667-ஐ நான் தமிழில் எழுதினால் அவர்களைவிட எவ்வளவோ கூடுதலாக எழுதுகிறேன் என்று அர்த்தம். இலக்கணம் நடத்தியே சம்பளம் வாங்குகிற எனக்கு இது தெரியாமல் போனதில் இன்றும் வருத்தம்தான். இளம்பிள்ளைகள் யாராவது ஆங்கிலக் கணக்கை வைத்துக்கொண்டு நம்மால் முடியவில்லையே என்று மனம் ஒடிந்திருந்தால், தயவுசெய்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுங்கள்.

இப்போது சொல்லை எண்ணுவதில்லை. எங்கள் வீட்டு வராந்தா கிழக்கே பார்த்தது. மே மாதத்தில் ஆறேகாலுக்கெல்லாம் வெயில் படியேறி என் நாற்காலிக் காலைத் தொட்டுவிடும். ஐந்தரைக்கு உட்காருவேன், வெயில் காலில் படுகிற வரை எழுதுவேன். முக்கால் மணி நேரம். சில நாள் பத்து வரி, சில நாள் இரண்டு பக்கம். போன மூன்று கோடைகளில் எழுதியதைச் சேர்த்தால் ஒரு நாவலின் முதல் பாதி இருக்கிறது. முடிக்க இன்னும் இரண்டு கோடை ஆகலாம். ஆகட்டும்.

தட்டைப் பென்சில்:

சலாம். நான் அபுதாபியில் ஷட்டரிங் கார்ப்பென்டர். இங்கே கோடை என்றால் வேறு கோடை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். பாம்பன் தங்கச்சிக்கு 61 நாள் என்றால் எனக்கு 93 நாள், தினம் இரண்டரை மணி நேரம்.

அந்த நேரத்தில் நிழலில் சாப்பாடு, லபான் என்கிற மோர் குடிப்பது, பிறகு தூக்கம். எல்லோரும் கால் நீட்டிவிடுவார்கள். ஊரில் என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. போனில் பேசினால் "சாப்டீங்களா அத்தா, எப்ப வருவீங்க" என்ற இரண்டு கேள்வியோடு பேச்சு தீர்ந்துவிடும். பிள்ளை என்னை மறந்துகொண்டு வருகிறதோ என்ற பயம் எனக்கு. அதனால் தினமும் அவளுக்கு ஒரு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று முடிவு செய்தேன். எழுத்தாளன் ஆகிற எண்ணமெல்லாம் எனக்கில்லை.

முதல் நாள் பேனாவால் எழுதினேன். முழங்கை வியர்வை பட்டு மை ஊறி, பாதிப் பக்கம் நீலமாகிவிட்டது. மறுநாள் பாக்கெட்டில் கிடந்த தச்சுப் பென்சிலை எடுத்தேன். பலகையில் கோடு போடுகிற பென்சில், உருண்டையாக இருக்காது, தட்டையாக இருக்கும். சாரத்தில் வைத்தாலும் உருண்டு கீழே விழக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். கத்தியால் சீவினால் உளி மாதிரி முனை வரும். எழுத்து ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெலிசாக விழும். வியர்வை பட்டாலும் அழியாது. அன்றைய கடிதம் முழுக்க அந்தப் பென்சில் ஏன் தட்டை என்பதுதான்.

அதற்கு மகள் பதில் போட்டாள், "அப்ப கீழ விழுந்தா யாரு மேல விழும்?" மறுநாள் ஹெல்மெட் பற்றி எழுதினேன். "ஹெல்மெட் கலர் கலரா இருக்கே ஏன்?" அதற்கு மறுநாள் அதுதான். கான்கிரீட் ஏன் ராத்திரி போடுகிறோம், நேபாளத்து ஆள் ரொட்டியை எப்படி மடிக்கிறார், கம்பி கட்டுகிறவர் ஒரு முடிச்சுக்கு எத்தனை முறுக்கு முறுக்குகிறார். அவள் கேள்விதான் எனக்கு அடுத்த நாள் வேலை. என்ன எழுதுவது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

93 நாளில் 71 எழுதினேன். மீதி 22 நாள் தூங்கிவிட்டேன். ஆகஸ்டு மாதம் ஈரக்காற்று அடித்தால் உடம்பு கேட்காது, தூக்கம் முக்கியம். அதை நான் குறையாக நினைக்கவில்லை, வெயில்வேலை செய்கிற யாரும் நினைக்க வேண்டாம்.

ஊருக்குப் போனபோது மகள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து நூலால் தைத்து வைத்திருந்தாள். அட்டையில் தட்டைப் பென்சிலை வரைந்திருந்தாள். மஞ்சள் கலர் அடித்திருந்தாள், என் பென்சில் சிவப்பு. நேரில் பார்த்ததில்லை அல்லவா. கொண்டுபோன பென்சிலைக் கையில் கொடுத்தேன்.

நெல்லைச் சித்தி:

தட்டைப் பென்சில் அண்ணே, ஆபீசில் இருந்து படித்தேன், கண் கலங்கிவிட்டது. உங்கள் மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எனக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. லீவில் காலை ஆறு மணிக்கு எழுத உட்காருவேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன், பிள்ளைகள் ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறார்கள். ஆனாலும் இங்கே வருவதை நிறுத்தவில்லை.

காலண்டர்த் தாள்:

நெல்லைச் சித்திக்காகவே இதை எழுதுகிறேன். கோடை விடுமுறையில் என் வீட்டில் என் பிள்ளைகள் இரண்டு, நாத்தனார் பிள்ளைகள் மூன்று. மேசையும் நாற்காலியும் எனக்குக் கிடைக்காது. கதவைச் சாத்தினால் ஐந்து பேரும் தட்டுவார்கள்.

எங்கள் அடுப்படியில் தினசரி காலண்டர் தொங்கும். காலையில் தாளைக் கிழிப்பது என் வேலை. போன வருஷம் மே 4-ஆம் தேதித் தாளில் 'அக்னி நட்சத்திரம் ஆரம்பம்' என்று போட்டிருந்தது. முந்தின நாள் தாள் கையில் இருந்தது, பின்பக்கம் வெள்ளை. வத்தலுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் நின்று, "கரண்டியத் தூக்குனா கூழு ஒடனே விழக்கூடாது, யோசிச்சு விழணும்" என்றார்கள். யோசிச்சு விழணும்! அந்தத் தாளின் பின்னால் அதை எழுதி, மளிகைக்கடையில் பில் குத்துவார்களே அந்த மாதிரி ஒரு கம்பி வாங்கி, அதில் குத்தினேன்.

கத்திரி முடிகிற மே 28 வரை, 25 நாள், நாளுக்கு ஒரு தாள் என்பதுதான் இலக்கு. தாள் உள்ளங்கை அளவுதான், எட்டு ஒன்பது வரிக்கு மேல் கொள்ளாது. அந்த அளவு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுப்பில் சாதம் கொதிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம். மோர்மிளகாயை எத்தனை நாள் மோரில் போட்டு எத்தனை நாள் வெயிலில் எடுப்பது, சுண்டைக்காயைத் தட்டுகிற பதம், மொட்டைமாடியில் வத்தல் வேட்டியைக் காக்காவிடமிருந்து காக்கும் முறை. இது சமையல் குறிப்பு தானே என்று சிலர் நினைக்கலாம். அத்தை அளவு சொல்வது "கைக்கு இவ்வளவு", "மூக்குக்குத் தெரியும்" என்ற கணக்கில். அந்தப் பேச்சை அளவுகுலையாமல் எழுத்தில் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. சில நாள் ஒரு வரியை நாலு தடவை அடித்து எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் பெரியவள் வந்து, "அம்மா, நானும் ஒரு தாள் எழுதட்டா?" என்றாள். கம்பியில் இப்போது அவள் தாளும் இருக்கிறது. அதில் ஒன்று, ஆச்சி கூழ் கிண்டும்போது உதட்டைக் கடிப்பதைப் பற்றி. நான் பதினாறு வருஷம் பக்கத்தில் நின்றும் கவனித்ததில்லை.

நெல்லைச் சித்தி:

இன்றைக்குத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். பாம்பன் தங்கச்சி, ஒரு சந்தேகம். பெரியவர்கள் பேச மறுக்கிற நாளில் என்ன செய்தீர்கள்?

பாம்பன் பேத்தி:

அக்கா, அப்படி ஏழெட்டு நாள் இருந்தது. மூட்டுவலி என்றால் பேசமாட்டார். வற்புறுத்தவில்லை. அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதினேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரலைத் தூணில் துடைத்தது, வாசலில் போன மீன்காரம்மாவிடம் "நாட்டுப்படகு மீனா?" என்று கேட்டது. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மட்டும் போகலாம் இல்லையா, அதனால் அந்தக் கேள்வி. திரும்பப் படிக்கும்போது அந்தப் பக்கங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன.

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, உங்கள் வராந்தா வெயிலை என்னால் மறக்க முடியாது. தட்டைப் பென்சில் அண்ணே, உங்கள் கடிதக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

போன வருஷம் ஜூன் 14 ராத்திரி 61-ஆவது பக்கம் எழுதினேன். படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீசல் வாடை வீடுவரை வந்தது. அப்பா வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்பத்தா வாசலில் நின்று காற்றைப் பார்த்தார், முகத்தை லேசாகத் தெற்கே திருப்பி. "சோழகம்தான், போய்ட்டு வா" என்றார். அன்றைய பக்கத்தில் அந்த ஒரு வரிதான்.

இந்த வருஷ இலக்கை முடிவு செய்துவிட்டேன். புதிதாக எதுவும் எழுதப் போவதில்லை. 61 நாளும் நாளுக்கு ஒரு பக்கமாக அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டுவது, அவர் சொல்கிற திருத்தத்தைப் போடுவது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பேச்சு நோட்டில் எப்படிக் கிடக்கிறது என்று அவர் இன்னும் கேட்டதே இல்லை.

பொறுக்க முடியாமல் நேற்றே முதல் பக்கத்தை வாசித்துவிட்டேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதென்ன 'புகைவண்டி நிலையம்'? நானா சொன்னேன்?"

"இல்ல அப்பத்தா, எழுத்துல அப்படித்தான்..."

"டேசன்னு போடு."

அடித்துவிட்டு, டேசன் என்று எழுதினேன்.